பாட்டெழுதிய முன்சீப்



மாலை ஜெபம் முடிந்து இராச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் நம் வீடுகளில் ஒரு கால்மணி நேரம் சும்மா கழிவதுண்டு. தகப்பனார் நாற்காலியில் சாய்ந்து, அன்றைய ஆபீஸ் தொல்லைகளை மறுபடியும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார். தாயார் அடுப்படியில் நின்றபடியே பால் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம், மாமியாரின் முழங்கால் வலி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பெரிய பெண் எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்; என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். மனத்தில் இருப்பதைச் சொல்ல வழி தெரியாமல்தான் பாதி வீடுகளில் பாதிச் சண்டை. அந்தக் கால்மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நம் காவேரிக் கரையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் சரித்திரத்தை வாசியுங்கள். அவருக்கும் ஆபீஸ் தொல்லை இருந்தது. நம்மில் பலருக்கு இருப்பதைவிட அதிகமாகவே இருந்தது. அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பாடப் புத்தகம் பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அவர் நம்மைப் போன்ற கத்தோலிக்கர் என்பதுகூட நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. இன்னொரு குழப்பமும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் என்று வேறொருவர் இருந்தார். அவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னர் காலத்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர், 1864-ல் காலமானார். இருவரும் பாட்டுக்காரர்கள், இருவருக்கும் தஞ்சைச் சீமையில் பெயர் உண்டு. ஆகையால் ஒருவர் பாட்டை மற்றவர் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் இங்கே பேசப்போவது முன்சீப் உத்தியோகம் பார்த்த வேதநாயகம் பிள்ளையைப் பற்றி.

அவர் 1826-ஆம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த குளத்தூரில் பிறந்தார். தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராஜ பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். பிறகு அதே ஊர்க் கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். அப்பால் தம் ஆசிரியரைப் போலவே மொழிபெயர்ப்பாளரானார்.

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் என்றால் என்ன வேலை என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர் முறை, அடமானம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று நாட்டுப்புறத்துச் சண்டையெல்லாம் தமிழில் வந்து குவியும். ஒருவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு அழுததை, தமிழ் அறியாத துரைக்கு ஆங்கிலத்தில் ஆற அமர எழுதித் தரவேண்டும். பிறர் துக்கத்தைத் தினமும் தம் கையால் எழுதுகிறவருக்கு இரண்டில் ஒன்று நேரும். மனம் மரத்துப் போகும். அல்லது பாரம் ஏறும். வேதநாயகம் பிள்ளைக்கு மரத்துப் போகவில்லை. சட்டம் படிக்காத குடியானவன் தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாமல் கோர்ட்டு வாசலில் நிற்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னாளில் 1805 முதல் 1861 வரையிலான மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் தமிழில் தந்தார். 1862-ல் அது வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில், தமிழர்களுக்குள் நடக்கும் வழக்கை வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிப்பதைத் தம் நாவலிலும் அவர் விடாமல் சாடியிருக்கிறார்.

1857-ல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்று அப்போது பன்னிரண்டு வருஷமே ஆகியிருந்தது. பிறகு சீர்காழி, அப்பால் மாயூரம். இன்று நாம் மயிலாடுதுறை என்கிறோமே, அந்த மாயூரந்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நெல் விளைகிற பூமியில் நிலவழக்குக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காவேரித் தண்ணீர் எத்தனை கிளையாகப் பிரிகிறதோ அத்தனை கிளையாக வழக்கும் பிரியும். அந்த வழக்குகளையெல்லாம் கேட்டுத் தீர்ப்பெழுதிய கை, மிச்ச நேரத்தில் பாட்டெழுதியது.

1859-ல் நீதிநூல் வெளிவந்தது. பல நூறு பாட்டுகள். தாய் தந்தையர், ஆசிரியர், கணவன் மனைவி, களவு, சூது, பொய், கோபம், சோம்பல் என்று தலைப்புத் தலைப்பாகச் செல்கிறது. நீதி சொல்லும் நூல்கள் தமிழுக்குப் புதியவை அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இதை எழுதியவர் மலையடிவாரத்து முனிவர் அல்ல, தினமும் கோர்ட்டில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகஸ்தர். கைக்கூலி வாங்குவதைப் பற்றி அவர் பாடும்போது, ஏதோ தூர தேசத்துப் பாவத்தைப் பற்றிப் பாடவில்லை. தம்மைச் சுற்றி நடப்பதையே பாடுகிறார். சக உத்தியோகஸ்தரை நேரே கண்டித்தால் பகை வரும். சும்மா இருந்தால் மனச்சாட்சி குத்தும். பாட்டில் சொன்னால், சுடவேண்டியவனுக்குச் சுடும். சொன்னவருக்கும் நெஞ்சு இலேசாகும். அதிலே சிரிப்பும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மனிதரின் அசட்டுத்தனத்தைக் கண்டு கோபப்படுவதைவிட, முதலில் சிரித்துவிட்டுப் பிறகு புத்தி சொல்வது அவருக்குக் கைவந்த வழி.

அந்தக் காலத்தில் பாட்டு என்றால் என்னவென்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். புலவர்கள் யமகம், திரிபு, சிலேடை என்று சொற்களைக் கொண்டு சக்கர வேடிக்கை காட்டிய காலம் அது. ஒரு பாட்டுக்குப் பொருள் காண ஒரு பண்டிதர் பக்கத்தில் வேண்டும். நம் வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணியை எடுத்துக்கொள்ளுங்கள். 3,615 பாட்டுகள், அர்ச். சூசையப்பருடைய சரித்திரம்; தமிழுக்கே ஓர் ஆபரணம். ஆயினும் நம்மில் எத்தனை பேர் உரையில்லாமல் அதில் பத்துப் பாட்டு வாசித்துப் பொருள் சொல்வோம்? நான் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வேதநாயகம் பிள்ளைக்கு அந்தப் பாண்டித்தியம் எட்டாததால் எளிய பாட்டுக்கு வந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நூற்றாண்டின் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். வேதநாயகம் பிள்ளை சீர்காழியில் முன்சீப்பாக இருந்த நாளில் மகாவித்துவான் சீகாழிக் கோவை பாடி 1860-ல் அரங்கேற்றினார். அதற்குத் தூண்டுகோலாக நின்றவர்களில் கத்தோலிக்கராகிய நம் முன்சீப்பும் ஒருவர். பதிலுக்கு அந்தச் சைவப் புலவர், தம் நண்பரைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும் வேதநாயகம் பிள்ளைக்குப் பாட்டால் வளர்ந்த நட்பு உண்டு. இத்தனை புலமைக்கு நடுவிலே இருந்துகொண்டு, உழவனுக்கும் அவன் மனைவிக்கும் கேட்டவுடனே விளங்கும்படி எழுதுவேன் என்று ஒருவர் தீர்மானித்தால், அதற்கு ஒரு துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு மாயூரத்துப் பக்கத்தில் இன்னொருவருக்கும் இருந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்தாம் அவர். அவருடைய பாட்டில் இலக்கணப் பிழை இருக்கிறதென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினார். பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார். ஒரு நாள் மத்தியான வேளையில் மகாவித்துவான் உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தம்மை மறந்து பாடத் தொடங்கினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மகாவித்துவானுக்கு மனம் உருகிவிட்டது. வெளியே வந்து பாயிரம் தந்தார். இலக்கணம் பிழையாகவே இருந்தது. பாட்டு நெஞ்சுக்குள் போய்விட்டது. இந்தச் செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் 1871-ல், பதினாறு வயதுப் பையனாக, மாயூரத்துக்கு மகாவித்துவானிடம் பாடம் கேட்க வந்தார். பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் பயின்றார். ஒரே சின்ன ஊரில் ஒரே சமயத்தில் இவர்கள் அத்தனை பேரும் நடமாடினார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

வேதநாயகம் பிள்ளை யாருக்காக எளிமையைத் தேடினார் என்பதற்கு 1869-ல் அவர் தந்த பெண்மதி மாலை ஒரு சாட்சி. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று படித்தவர்களே கேட்ட காலத்தில், பெண்கள் தாங்களே வாயால் பாடி மனத்தில் இருத்தத்தக்க பாட்டுகளை அவர்களுக்காகவே எழுதினார். பெண் கல்வியை வற்புறுத்தி வசனமும் எழுதினார். மாயூரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் நடத்தினார். எழுத்துத் தெரியாத பெண்ணும் பாட்டைக் காதால் வாங்கி வாயால் கொடுக்கலாமே! நம் வயல்களில் நாற்று நட்ட பெண்கள் அப்படித்தானே செய்தார்கள்? இடுப்பு ஒடியக் குனிந்து நிற்கும்போது, ஒருத்தி ஓரடி எடுத்துவிட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். புருஷன் குடிப்பதும், மேஸ்திரி விரட்டுவதும், பிறந்த வீட்டு நினைப்பும் அந்தப் பாட்டிலே ஏறிவிடும். நடவு இயந்திரம் இறங்கிவிட்ட ஊர்களில் இப்போது அந்தக் குரல் குறைந்துவிட்டது. அவர்களில் ஒருத்தியும் யாப்பிலக்கணம் படித்தவள் அல்ல.

1872-ல் அவர் உத்தியோகத்தை விட்டார். உத்தியோகம் போன மனிதரின் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் எழுந்தால் போக இடமில்லை. நேற்றுவரை எழுந்து நின்றவர்கள் இன்று தலையை மட்டும் அசைக்கிறார்கள். பலர் அந்த முதல் வருஷத்திலேயே உடம்பு தளர்ந்து போகிறார்கள். இவருடைய அடுத்த வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். 1873-ல் திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் என்று நான்கு பக்தி நூல்கள் வெளிவந்தன. அந்தாதி என்பது ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்குவது. மணியை விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டும் ஜெபமாலையைப் போன்றது என்று சொல்லலாம். வேலை போன கைக்கு அது நல்ல வேலை. மாயூரம் நகரசபைத் தலைவராகவும் அவர் பிறகு ஊருக்கு உழைத்தார்.

அப்பால் வந்தது தாது வருஷம்.

நம் பாட்டன் பாட்டிகள் கடும் பசியைச் சொல்லவேண்டுமென்றால் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் சொல்வார்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை பஞ்சம் நீடித்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதி எல்லாம் சேர்ந்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். காவேரிப் பாசனம் இருந்ததால் தஞ்சைச் சீமைக்கு மற்ற ஜில்லாக்கள் அளவு அடி விழவில்லை. ஆனால் அதுவே இன்னொரு கஷ்டமாயிற்று. நெல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எலும்பும் தோலுமான ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நெல் இருக்கும் சீமையை நோக்கி நடந்தார்கள். நெல்லோ விலை ஏறி ஏழைக்கு எட்டாததாயிற்று. களஞ்சியம் ஒரு பக்கம், பிணம் ஒரு பக்கம். நெல் விளையும் பூமியில் பிறந்த நாம் இந்த வெட்கத்தை மறக்கக்கூடாது.

வேதநாயகம் பிள்ளை தம்மிடம் இருந்ததை எடுத்துச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். சாதி மதம் பார்க்கவில்லை. அந்த தர்மத்தை நேரில் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். சிவபெருமானைத் தவிர மனிதரைப் பாட அவ்வளவாக விரும்பாத பெரியவர், ஒரு கிறிஸ்தவரைப் பாடினார் என்றால் அந்தக் கஞ்சியின் பெருமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கஞ்சி வார்த்த அதே மனிதர், பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகளும் எழுதினார். 1878-ல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்ற நூலில் அவை சேர்ந்திருக்கின்றன. பசிக்கிறவனுக்குப் பாட்டு எதற்கு என்று ஒரு கேள்வி உங்கள் மனத்தில் எழும். என் மனத்திலும் எழுந்தது. பசித்தவனுக்கு அவர் கொடுத்தது கஞ்சி. பாட்டைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அப்படியானால் பாட்டு யாருக்கு? பகல் முழுதும் சாகக் கிடக்கிற குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்று நான் எண்ணுகிறேன். அவர் சர்வேசுரனிடத்தில் முறையிட்டாகவேண்டும். ஏன் இப்படி என்று கேட்டாகவேண்டும். கேட்காமல் உள்ளே அடக்கிவைத்தால் மறுநாள் அகப்பையைப் பிடிக்கக் கை எழும்பாது. தாவீது இராஜா தம் சங்கீதங்களில் செய்ததும் இதுதானே? பாதிச் சங்கீதங்கள் தோத்திரம் என்றால் மீதிப் பாதி அழுகையும் முறையீடும். அழுதுகொண்டே தொடங்கியவர், பாட்டு முடியுமுன் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறார்.

அந்தக் கீர்த்தனை நூல் அபூர்வமானது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் 1847-ல் மறைந்தபின் அவருடைய தெலுங்குக் கீர்த்தனைகள் தஞ்சைச் சீமையெங்கும் முழங்கிக்கொண்டிருந்தன. பாடுகிறவனுக்கும் பொருள் தெரியாது, கேட்கிறவனுக்கும் தெரியாது என்ற நிலை பல இடங்களில். வேதநாயகம் பிள்ளை இராகம் தாளம் குறித்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முறைப்படி, எளிய தமிழில் கீர்த்தனைகள் செய்தார். கடவுளை எந்த மதத்தாரும் தங்கள் வாயால் கூப்பிடத்தக்கபடி, எந்தத் தனிப் பெயரும் சொல்லாமல் ஒரே கடவுளாகவே பாடினார். பக்தியோடு நிற்கவும் இல்லை. உத்தியோகக்காரனுக்குப் பாட்டு உண்டு. குடும்பத் தொல்லையில் அகப்பட்டவனுக்குப் பாட்டு உண்டு. கீர்த்தனை என்றால் கோயிலில் மட்டும் பாடுவது என்றிருந்ததை அவர் கச்சேரி வாசலுக்கும் சமையலறைக்கும் கொண்டுவந்துவிட்டார். கச்சேரி என்று நான் இங்கே சொல்வது பழைய நாள் வழக்கப்படி சர்க்கார் ஆபீசை. சங்கீதக் கச்சேரி மேடையிலும் அவர் பாட்டுகள் ஏறின, இன்றும் பாடுகிறார்கள்.

இனி உங்கள் கால்மணி நேரத்துக்கு வருகிறேன்.

பாட்டெழுதுவது புலவர் வேலை, நமக்கு எதற்கு என்று தகப்பனார் சொல்லுவார். அச்சில் ஏற்றவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். நான்கு வரி போதும். எதைப் பற்றி என்று மலைக்கவேண்டாம். வானம், நிலா, தமிழ்த்தாய் எல்லாவற்றையும் மற்றவர்கள் பாடிவிட்டார்கள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் அதை எழுதுங்கள். மேலதிகாரி பத்துப் பேர் முன்னே அவமானப்படுத்தினார் என்றால் அதை எழுதுங்கள், பெயரைப் போடவேண்டாம். மதகு திறந்து உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த காலை வேளையை எழுதுங்கள். தாளடிக் கதிர் சாய்ந்து போன நாளையும் எழுதுங்கள். பாட்டன் செத்துப்போன பின் அவருடைய செருப்பை எடுத்துப் போட மனம் வராமல் வாசலிலேயே விட்டுவைத்திருக்கிறீர்களே, அதில் ஒரு பாட்டு இருக்கிறது.

பயிற்சிக்கு இரண்டு சிறு உதவிகள் தமிழிலேயே இருக்கின்றன. வயல், வரப்பு, வாய்க்கால் என்று முதல் எழுத்து இணங்கி வந்தால் அது மோனை. பட்டு, கட்டு, எட்டு என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. வரிக்கு ஓரிடத்தில் இவற்றில் ஒன்று அமைந்தாலும் பேச்சு பாட்டாகத் தொடங்கிவிடும். மெட்டு வேண்டுமானால் உங்கள் தாயார் பாடிய தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கும்மி மெட்டு இருக்கிறது, சிந்து இருக்கிறது. சொற்களை மட்டும் மாற்றினால் போதும். விளங்காத சொல் ஒன்றை அழகுக்காகப் போடத் தோன்றும். போடாதீர்கள். நீங்கள் வீட்டில் பேசுகிற சொல்லே நெஞ்சிலிருந்து வரும் சொல்.

இதனால் உடம்புக்கும் நன்மை உண்டோ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க மனநூல் அறிஞர் பென்னிபேக்கர் என்பவர் 1986-ல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர் சிலரைத் தினம் பதினைந்து நிமிஷமாக நான்கு நாள், தங்கள் வாழ்க்கையில் நேர்ந்த மிகுந்த துக்கத்தைப் பற்றி மனம்விட்டு எழுதச் சொன்னார். எழுதியபோது அவர்களுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நடந்ததையும் அதில் தாங்கள் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அற்ப விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே வைத்தியரிடம் போனார்கள். அவர்கள் எழுதியது வசனம், பாட்டல்ல. பிற்காலத்துச் சோதனைகள் எல்லாம் ஒரே மாதிரி பலன் காட்டவும் இல்லை. எழுத்து மருந்துக்கு ஈடு என்று நினைத்து வைத்தியரைத் தள்ளிவைக்காதீர்கள். மனம் மிகவும் சோர்ந்து கிடக்கிறவர்கள் தனியே எழுதிக்கொண்டிருப்பதோடு நிற்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசவும் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் எழுதிய நோட்டை அவள் கொடுக்காமல் எடுத்து வாசிக்காதீர்கள். அவளாகக் கொண்டுவந்து காட்டினால் எழுத்துப் பிழையை முதலில் திருத்தாதீர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே திண்ணைப் பாட்டில் பிழை பார்ப்பதை விட்டாரே!

வேதநாயகம் பிள்ளையின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாயிற்று. தமிழில் வசன நூல்கள் போதாது என்று அவருக்கு ஒரு குறை. தம் பாட்டுகளில் சொன்ன நீதிகளையே அதில் கதையாக, நகைச்சுவையாக நடத்திக் காட்டினார். அந்தக் கதையில் ஞானாம்பாள் என்ற பெண்ணுக்கே புத்தியும் சாமர்த்தியமும் அதிகம். கதாநாயகன் அவளைக் கண்டு அடிக்கடி அசடு வழிகிறான். 1887-ல் சுகுண சுந்தரி வந்தது. நாவலாசிரியர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ஆயினும் வயதான காலத்தில் அவர் கை மறுபடியும் பாட்டுக்கே திரும்பியது.

1889-ஆம் வருஷம் ஜூலை 21-ந் தேதி அவர் காலமானார். வயது அறுபத்திரண்டு. அவருடைய நூல் வரிசையின் கடைசியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று சத்திய வேதக் கீர்த்தனை. மற்றது தேவதோத்திர மாலை. இரண்டுக்கும் பக்கத்தில் அதே 1889 என்ற வருஷமே குறித்திருக்கிறது.